நடப்புக் கணக்கு

நம் ஊரில் ஒருவருக்குப் பெரிய வியாதி என்று தெரிந்ததும் வீட்டில் முதலில் நடப்பது வைத்தியம் அல்ல. கட்டில் இடம் மாறுவதுதான். உள் ரூமில் கிடந்த கட்டில் ஹாலுக்கு வந்து ஃபேனுக்கு நேர் கீழே உட்காரும். தலைமாட்டில் ஸ்டூல், ஸ்டூல் மேல் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க் பக்கத்தில் டி.வி. ரிமோட். அதற்குப் பிறகு அந்த மனிதர் தண்ணீர் குடிக்க எழுந்தால்கூடக் குற்றம். மூன்று பேர் மூன்று திசையிலிருந்து ஓடி வந்து, "நீங்க எதுக்கு எழுந்திருக்கீங்க?" என்று அதட்டுவார்கள்.

எல்லாம் அன்புதான். சந்தேகமில்லை. ஆனால் படுக்கை என்பது ஆளை எப்படித் தின்னும் என்பதற்கு ஒரு பழைய கணக்கு இருக்கிறது, கேளுங்கள்.

1966-ல் அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் ஐந்து வாலிபர்களைப் பிடித்தார்கள். எல்லோருக்கும் இருபது வயசு. ஒரு வியாதியும் கிடையாது. அவர்களை மூன்று வாரம் படுக்கையில் போட்டார்கள். எழுந்து நடக்கக் கூடாது. மூன்று வாரம் கழித்து எழுப்பிச் சோதித்தால், உடம்பு ஆக்ஸிஜனை எடுத்துப் பயன்படுத்தும் திறன் சுமார் கால் பங்கு காணோம்! அதே ஐந்து பேரை 30 வருஷம் கழித்து, 1996-ல், மறுபடி தேடிப்பிடித்துச் சோதித்தார்கள். முப்பது வருஷ வயசு ஏறியதால் வந்த நஷ்டத்தைவிட, அன்றைக்கு மூன்று வாரம் படுத்ததால் வந்த நஷ்டம் அதிகம்.

இருபது வயசுக் காளைகளுக்கே இந்தக் கதி. 58 வயசில், இரைப்பையில் கட்டியோடு, இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கீமோதெரபி ஏற்றிக்கொண்டு படுத்திருப்பவருக்கு?

அந்த 58 வயசுக்காரர் என் தாய்மாமன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு பட்டறையில் வெல்டர். வீடு கொரட்டூரில், லிஃப்ட் இல்லாத கட்டடத்தில் இரண்டாவது மாடி. 2023 ஜூலையில் அவருக்குப் பசி குறைந்தது, எடை குறைந்தது, ஹீமோகுளோபின் குறைந்தது. எண்டோஸ்கோபி செய்தார்கள். கூடியது எங்கள் பயம் மட்டும்தான்.

டாக்டர்கள் போட்ட திட்டம் இது. முதலில் நாலு கீமோ, இரண்டு வாரத்துக்கு ஒன்று. கட்டியைச் சுருக்குவதற்கும், கண்ணுக்குத் தெரியாமல் அங்கே இங்கே ஊர்ந்திருக்கக்கூடிய செல்களை அடிப்பதற்கும். பிறகு ஒரு மாசம் இடைவெளி. பிறகு ஆபரேஷன். உடம்பு தேறியதும் மறுபடி நாலு கீமோ. சர்ஜன் அதிகம் பேசாதவர். ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: "கீமோ முடிஞ்சதும் நீங்க நடந்து வரணும். தூக்கிட்டு வந்தாங்கன்னா நான் கத்தியைத் தொடறது கஷ்டம்."

கூடப் போய் வர ஒரு ஆள் வேண்டுமே? மாமாவின் பையனுக்குப் பெங்களூரில் ஐ.டி. கம்பெனி வேலை. என் தம்பிக்கு பாங்க். நான் ஃப்ரீலான்ஸ் எழுத்தாளன். உறவுக்காரர்களுக்கு அந்த வார்த்தையின் முதல் பாதிதான் காதில் விழும். "அவன் ஃப்ரீயாத்தானே இருக்கான்!" என்று என் அம்மாவே கையெழுத்துப் போட்டு என்னை அனுப்பி வைத்தாள்.

* * *

ஆஸ்பத்திரியில் முதல் கீமோவுக்கு முன்னால் எங்களை ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் அனுப்பினார்கள். சின்னப் பெண். என் வயசில் பாதிக்குக் கொஞ்சம் மேலே இருக்கலாம். மாமாவை ஒரு நீள வராந்தாவில் நிற்க வைத்தார். 30 மீட்டருக்கு ஒரு கோடு. "ஆறு நிமிஷம் உங்களால முடிஞ்ச வரைக்கும் வேகமா நடங்க சார். ஓடக் கூடாது. மூச்சு வாங்கினா நில்லுங்க." போய்ப் போய்த் திரும்பினார் மாமா. 410 மீட்டர்.

இதற்குப் பெயரே ஆறு நிமிஷ நடைச் சோதனை. உலகம் முழுக்க இதே 30 மீட்டர் வராந்தாதான். கோடி ரூபாய் ஸ்கேன் மெஷின்கள் இருக்கிற கட்டடத்தில், ஒரு வராந்தாவும் ஒரு கடிகாரமும் சொல்கிற தகவலை டாக்டர்கள் அத்தனை மரியாதையோடு கேட்கிறார்கள்.

ஏன் என்று கேட்டேன். அந்தப் பெண் சொன்ன விளக்கம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய ஆபரேஷன் என்பது படுத்துக்கொண்டே ஓடுகிற ஓட்டப்பந்தயம். வெட்டின இடத்தை ஒட்டவைக்க, கிருமியோடு சண்டை போட, உடம்புக்கு ஆக்ஸிஜன் ஏகத்துக்குத் தேவைப்படும். இதயமும் நுரையீரலும் பல நாளைக்கு ஓவர்டைம் பார்க்க வேண்டும். காயம் ஆறத் தேவையான புரதத்தை உடம்பு தசையிலிருந்து எடுக்கும். தசைதான் சேமிப்பு. அது காலியாக இருந்தால் வித்ட்ரா பண்ண ஒன்றும் இருக்காது.

நான் பி.காம். இந்த பாஷை எனக்குப் புரியும்.

ஆக, ஆபரேஷனுக்கு முன்னால் இருக்கும் மூன்று மாசம் காத்திருக்கும் காலம் அல்ல, சேமிக்கும் காலம். சிக்கல் என்னவென்றால் அதே மூன்று மாசத்தில் கீமோ வேறு பாக்கெட்டில் கை விடுகிறது. ரத்தத்தைக் குறைக்கும், பசியைக் குறைக்கும், தசையைக் கரைக்கும், பாதத்தை மரத்துப்போகச் செய்யும். காலேஜில் இதை தேய்மானம் என்று சொல்லிக்கொடுத்தார்கள். மெஷின் ஓடினால் தேய்மானம் இருந்தே தீரும். நிறுத்த முடியாது. ஈடுகட்டத்தான் முடியும்.

அவர் கொடுத்த ஒரு பக்க ஜெராக்ஸில் இருந்தது இவ்வளவுதான். தினம் நடை, முதலில் பத்து நிமிஷமாகப் பிரித்து மூன்று வேளை. வாரம் மூன்று நாள் தசைக்கான பயிற்சி. அதாவது, நாற்காலியில் கையை ஊன்றாமல் உட்கார்ந்து எழுந்திருப்பது. சுவரில் கை வைத்துத் தண்டால். அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலை இரண்டு கையிலும் பிடித்துத் தூக்கி இறக்குவது. சுவரைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது. கடைசியாக, மூன்று பந்து இருக்கிற பிளாஸ்டிக் டப்பாவில் குழாயை வாயில் வைத்து மூச்சை இழுத்துப் பந்துகளை மேலே ஏற்றுவது. ஆபரேஷனுக்குப் பிறகு நுரையீரலின் அடிப்பாகத்தில் சளி தங்காமல் இருக்க இது முன்கூட்டியே பழக்கம்.

ஜிம் இல்லை. டிரெட்மில் இல்லை. ஒரு நாற்காலி, ஒரு சுவர், இரண்டு பாட்டில், ஒரு மொட்டை மாடி. மொத்த முதலீடு, பந்து டப்பாவைத் தவிர, பூஜ்யம்.

"எவ்வளவு வேகமா நடக்கணும்?" என்று மாமா கேட்டார். ஸ்வீடனில் குன்னர் போர்க் என்று ஒரு மனோதத்துவ நிபுணர் இதற்கென்றே 6-ல் ஆரம்பித்து 20-ல் முடிகிற ஒரு அளவுகோல் செய்து வைத்திருக்கிறார். சும்மா இருந்தால் 6, உயிர் போகிற மாதிரி என்றால் 20. ஏன் 6-ல் ஆரம்பிக்கிறது? பத்தால் பெருக்கினால் ஏறக்குறைய இதயத்துடிப்பு வர வேண்டும் என்பதற்காக. மாமா 12, 13-ல் நடந்தால் போதும். 'கொஞ்சம் சிரமம்' என்கிற இடம்.

மாமாவின் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் சுருக்கிவிட்டார். "நடக்கும்போது பேச முடியணும், பாட முடியக் கூடாது. அவ்ளோதான் சார்."

மாமா டி.எம்.எஸ். பக்தர். அதனால் எங்கள் வீட்டு வேகமானி சுலபமாக அமைந்துவிட்டது. மொட்டை மாடியில் நடந்துகொண்டே பாட ஆரம்பிப்பார். பல்லவியிலேயே மூச்சு முட்டினால் வேகம் அதிகம். சரணம் வரை சௌகரியமாகப் போனால் வேகம் போதாது. அனுபல்லவியில் தடுக்கினால் ஆகா, சரியான அளவு. பக்கத்துக் கட்டட மாடியில் வற்றல் காயவைக்க வந்த அம்மாள் மூன்றாம் நாளிலிருந்து நேரத்தை மாற்றிக்கொண்டார்.

* * *

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கி நான் கணக்கு எழுத ஆரம்பித்தேன். தேதி, நடந்த நிமிஷம், நாற்காலியில் எழுந்த எண்ணிக்கை, எடை, ஜுரம். கடைசிப் பத்தி அத்தையுடையது: சாப்பிட்டது.

சாப்பாட்டைச் சொல்லாமல் உடற்பயிற்சியைச் சொன்னால் அது பாதிக் கணக்கு. கான்சர் நோயாளிகளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 1.2-லிருந்து 1.5 கிராம் வரை புரதம் தினம் வேண்டும் என்று டயட்டீஷியன் சொன்னார். மாமாவின் எடை அப்போது 60 கிலோ. ஆக, 72-லிருந்து 90 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம். மாமா கையால் வகுத்துப் பார்த்து, "பன்னெண்டு முட்டையா? நான் என்ன பேக்கரியா?" என்றார். இரைப்பையில் கட்டி இருப்பவருக்கு நாலு வாய் சாப்பிட்டாலே வயிறு நிறைந்துவிடும். அதனால் அத்தை ஆறு வேளையாகப் பிரித்தார். முட்டை, தயிர், பருப்பு, மீன், பால் பவுடர் கலந்த பால், மசித்த சுண்டல் என்று கொஞ்சம் கொஞ்சமாக.

ஒரு மாசம் எழுதியதும் நோட்டில் ஒரு ஒழுங்கு தெரிந்தது. இதை இனிமேல் இந்த வழியில் போகப் போகிறவர்களுக்காகச் சொல்கிறேன்.

கீமோ ஏற்றிய முதல் இரண்டு நாள் ஆள் சுறுசுறுப்பாக இருப்பார். வாந்தி வராமல் இருக்கக் கொடுக்கிற ஸ்டீராய்டின் வேலை அது. ராத்திரி ஒரு மணிக்கு மாமா பரணிலிருந்து பழைய டூல் பாக்ஸை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தார். நம்பிவிடக் கூடாது. மூன்றாம் நாள் பியூஸ் போகும். மூன்றிலிருந்து ஐந்து வரை பாதாளம். அந்த நாட்களில் நடை ஹாலோடு சரி. பூஜை அலமாரியிலிருந்து வாஷிங் மெஷின் வரை 30 அடி. ஐந்து நிமிஷம், மூன்று வேளை. பூஜ்யத்துக்கும் ஐந்துக்கும் இருக்கிற தூரம், ஐந்துக்கும் இருபதுக்கும் இருக்கிற தூரத்தைவிடப் பெரிசு. ஆறாம் நாளிலிருந்து மெல்ல மேலே வரும். இரண்டாம் வாரக் கடைசியில் இருபது, இருபத்தைந்து நிமிஷம் நடை, ஒரு மாடிப்படி. அடுத்த நாள் மறுபடி கீமோ. மறுபடி பாதாளம்.

வார சம்பளக்காரனின் பர்ஸ் மாதிரிதான். என்றைக்கு வரவு, என்றைக்குச் செலவு என்று தெரிந்துவிட்டால் பயம் போய்விடுகிறது.

இன்னொரு விநோதம். கீமோவின் அசதி இருக்கிறதே, அது தூங்கினால் போகிற அசதி இல்லை. பத்து மணி நேரம் தூங்கி எழுந்தாலும் அப்படியே இருக்கும். இந்த அசதிக்கு நடையே மருந்து. இது என் கண்டுபிடிப்பு அல்ல. அமெரிக்கக் கான்சர் டாக்டர்கள் சங்கமான ஆஸ்கோ, குணப்படுத்தும் நோக்கத்தோடு சிகிச்சை எடுத்துக்கொண்டிருப்பவர்களுக்கு, சிகிச்சை நடக்கும்போதே நடையையும் தசைப் பயிற்சியையும் பரிந்துரைக்க வேண்டும் என்று 2022-ல் வழிகாட்டியே வெளியிட்டிருக்கிறது.

* * *

இரண்டாவது கீமோவின் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பதினோரு மணி. தெர்மாமீட்டர் 100.8 காட்டியது.

"வெயில்ல நடந்த சூடுடா. காலையில பாத்துக்கலாம்" என்றார் மாமா. ஆஸ்பத்திரி என்று போனால் அடுத்த கீமோவைத் தள்ளிப்போடுவார்கள் என்று அவருக்குப் பயம்.

ஜெராக்ஸின் அடியில் பெரிய எழுத்தில் ஒரு வரி இருந்தது. 100.4 தொட்டால் எந்த நேரமானாலும் உடனே ஆஸ்பத்திரி. ஆட்டோ பிடித்தோம். ரத்தத்தில் கிருமியோடு சண்டை போடுகிற வெள்ளை அணுக்கள் 400. குறைந்தது 1,500 இருக்க வேண்டும். அந்த நிலையில் ஜுரத்தை விடிகிற வரை விட்டுவைத்தால் விடியாமலே போகலாம் என்று டியூட்டி டாக்டர் சொன்னார், ஆன்டிபயாடிக் ஏற்றிக்கொண்டே. நாலு நாள் அட்மிட். நோட்டில் நாலு வரி: நில், நில், நில், நில்.

வீட்டுக்கு வந்தால், ஆறுதல் சொல்ல வந்தவர்கள் தீர்ப்பையும் கையோடு கொண்டு வந்திருந்தார்கள். "இந்த உடம்போட மாடியில நடக்க விட்டா ஜுரம் வராம என்ன செய்யும்?" வெள்ளை அணு குறைந்தது கீமோவால், நடையால் அல்ல என்று டாக்டர் தெளிவாகச் சொல்லியிருந்தார். ஆனால் டாக்டர் ஹாலில் உட்கார்ந்து காப்பி குடிப்பதில்லை. வந்தவர்கள் குடித்தார்கள். அத்தையிடம் ஒரு மூதாட்டி ரகசியக் குரலில் கேட்டாராம்: "உனக்கு மனசே இல்லையாடீ?"

மறுநாள் மொட்டை மாடிச் சாவி காணோம். அத்தை அரிசி டின்னுக்குள் போட்டு வைத்திருந்தார்.

மாமா சண்டை போடவில்லை. இரண்டு நாள் படுத்திருந்தார். ஃபேனையே பார்த்துக்கொண்டு. மூன்றாம் நாள் ராத்திரி நான் கிளம்பும்போது அத்தையைக் கூப்பிட்டார்.

"இங்க பாரு. ஊசி அவங்க போடறாங்க. சமையல் நீ பண்றே. பணம் இன்ஷூரன்ஸ்காரன் குடுக்கறான். கணக்கு இவன் எழுதறான். ஆபரேஷன் அந்தப் பெரிய டாக்டர் பண்ணப் போறாரு. நாப்பது வருஷம் நின்னுக்கிட்டே வேலை பாத்தவன் நான். என் வியாதியில எனக்குன்னு இருக்கிற ஒரே வேலை இந்த நடைதான். அதையும் பிடுங்கிக்காதே."

ஃபேன் சத்தம் மட்டும் கேட்டது. அத்தை ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார். மறுநாள் காலை ஆறு மணிக்கு நான் போனபோது சாவி ஆணியில் இல்லை, அரிசி டின்னிலும் இல்லை. மாடிக் கதவு திறந்திருந்தது. அத்தை முன்னால், மாமா பின்னால், நடந்துகொண்டிருந்தார்கள். தூரத்தில் அரக்கோணம் மின்சார ரயில் போய்க்கொண்டிருந்தது. மாமா பாடவில்லை. அத்தை ஏதோ பேசிக்கொண்டே நடந்தார், மாமா 'உம்' கொட்டினார். வேகம் சரியாகத்தான் இருந்தது.

இந்த விஷயத்தில் எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உண்மை மாமா சொன்ன அந்த ஒரு வரிதான். கான்சர் வைத்தியத்தில் எல்லாமே நோயாளிக்குச் 'செய்யப்படுவது'. அவராகச் செய்வது இது ஒன்றுதான்.

* * *

சரி, இதற்கு ஆதாரம் உண்டா என்று ஆடிட்டர் மனசுள்ளவர்கள் கேட்பீர்கள். உண்டு.

கனடாவின் மான்ட்ரியால் நகரில் பெருங்குடல் கான்சர் ஆபரேஷனுக்குப் போகிற 77 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதி ஆபரேஷனுக்கு நாலு வாரம் முன்னாலேயே வீட்டில் உடற்பயிற்சி, புரதம், மனசுக்கு ஆறுதல் என்று ஆரம்பித்தது. மறு பாதி அதையே ஆபரேஷனுக்குப் பிறகு ஆரம்பித்தது. எட்டு வாரம் கழித்து அதே ஆறு நிமிஷ நடை. முன்னால் ஆரம்பித்தவர்களில் 84 சதவிகிதம் பேர் பழைய நடைக்குத் திரும்பியிருந்தார்கள். பின்னால் ஆரம்பித்தவர்களில் 62. இது 2014-ல் வெளியானது. 2023-ல் நெதர்லாந்து டாக்டர்கள் தலைமையில் 251 பேரை வைத்து நடந்த ஆய்வில், நாலு வாரம் தயார் செய்துகொண்டவர்களில் கடுமையான சிக்கல் வந்தது 17 சதவிகிதம் பேருக்கு. தயார் செய்யாதவர்களில் 30. ஆனால் அது ஆஸ்பத்திரிக்கு வரவழைத்து, பக்கத்தில் ஆள் நின்று செய்யவைத்தது; வீட்டு நடை அல்ல.

வீட்டிலேயே, அதுவும் ஆபரேஷனுக்கு முந்தைய சிகிச்சை நடக்கும்போதே செய்ய முடியுமா என்பதை ஹூஸ்டனில் எம்.டி. ஆண்டர்சன் கான்சர் மையத்தில் கணையக் கான்சர்காரர்களிடம் பார்த்தார்கள். வாரத்துக்கு 60 நிமிஷம் நடை, 60 நிமிஷம் தசைப் பயிற்சி. முடிந்தது. வாரத்துக்கு 168 மணி நேரம் ஸார், அதில் இரண்டே மணி.

எல்லா ஆய்வும் ஒரே மாதிரி ஜே போடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். நடந்தால் கட்டி கரைந்துவிடும் என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால் டெலிட் செய்யுங்கள். கட்டியைக் கவனிப்பது மருந்தும் கத்தியும். அதைத் தாங்குகிற உடம்பைக் கவனிப்பதுதான் நடை.

டாக்டரைக் கேட்காமல் ஆரம்பிக்கவும் கூடாது. ஜுரம், நெஞ்சு வலி, தலைசுற்றல், சும்மா இருக்கும்போதே மூச்சு வாங்குவது, நிற்காத வாந்தி பேதி இருந்தால் அன்று லீவ். பிளேட்லெட் 50,000-க்குக் கீழே போனாலோ, கான்சர் எலும்புக்குப் பரவியிருந்தாலோ எடை தூக்குவது டாக்டர் அனுமதித்தால் மட்டுமே. கையில் கீமோ லைன் போட்டிருந்தால் அந்தக் கையில் பளு வேண்டாம். பாதம் மரத்திருந்தால் வெறுங்காலோடு நடக்கக் கூடாது, குத்தினால் தெரியாது. உட்கார்ந்து எழுகிற நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். பிளாஸ்டிக் நாற்காலி மொசைக் தரையில் சறுக்கும், அது எந்த மருத்துவப் புத்தகத்திலும் இருக்காது.

* * *

நாலு கீமோ முடிந்ததும் மறுபடி அதே வராந்தா. 402 மீட்டர்.

"எட்டு மீட்டர் போச்சே" என்றேன். மாமாவின் முகமும் தொங்கிப்போயிற்று.

பிசியோதெரபிஸ்ட் எங்களை விநோதமாகப் பார்த்தார். "சார், இருபது மீட்டருக்குள்ள ஏறினாலும் இறங்கினாலும் நாங்க கணக்குலயே எடுத்துக்க மாட்டோம். நாலு கீமோவுக்கு அப்புறம் அதே இடத்துல நிக்கறீங்க. ஸ்வீட் எங்கே?"

மாமா என்னைப் பார்த்தார். "டேய் மாப்ளே, லாபமா நஷ்டமா?"

"தேய்மானம் போக, லாபம் மாமா."

கீமோ இல்லாத அடுத்த நாலு வாரம் பசி திரும்பியது, கால் திரும்பியது. டி.எம்.எஸ்.ஸும் திரும்பினார். ஆபரேஷனுக்கு இரண்டு நாள் முன்பு 434 மீட்டர். மயக்க மருந்து டாக்டர், "நிக்காம ரெண்டு மாடி ஏற முடியுமா?" என்று கேட்டார். அவர்கள் எல்லோரிடமும் கேட்கிற கேள்வி அது. இதயத்தின் தெம்பை அறிய மலிவான வழி. மாமா கேட்டார்: "எந்த வேகத்துல சார்?"

ஆபரேஷன் ஐந்து மணி நேரம். மறுநாள் காலை இரண்டு பக்கமும் ஆள் பிடிக்க, வயிற்றில் குழாயோடு கட்டில் பக்கத்தில் நின்றார். மூன்றாம் நாள் அதே வராந்தாவில் பத்து அடி. மூன்று பந்தில் முதல் பந்துதான் ஏறியது, திட்டிக்கொண்டே ஊதினார். இழுக்க வேண்டியதை ஊதினால் எப்படி ஏறும் என்று நர்ஸ் சிரித்தார். பதினோராம் நாள் வீடு.

இதெல்லாம் நடையால்தான் என்று நான் சொல்ல மாட்டேன். சர்ஜனின் கை, மருந்து, அத்தையின் ஆறு வேளைச் சமையல், கொஞ்சம் அதிர்ஷ்டம் எல்லாம் சேர்ந்தது. மாமா இன்று 51 கிலோதான். ஒரு இட்லிக்கு மேல் ஒரே நேரத்தில் முடியாது. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முந்தைய ராத்திரி அந்த வீட்டில் யாரும் தூங்குவதில்லை. ஆனால் மிச்சமிருந்த நாலு கீமோவுக்கும் அவர் நடந்துதான் போனார். நோட்டு மூன்றாவது ஓடுகிறது.

நோட்டை ஏன் மூடவில்லை என்பதற்கும் ஒரு கணக்கு. 2025-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு. பெருங்குடல் கான்சரில் ஆபரேஷனும் கீமோவும் முடித்த 889 பேர். பாதிப் பேருக்கு மூன்று வருஷம் முறையான உடற்பயிற்சி, மீதிப் பேருக்குப் புத்தகத்தில் புத்திமதி. எட்டு வருஷம் கழித்து உயிரோடு இருந்தவர்கள் முதல் கட்சியில் 90 சதவிகிதம், இரண்டாம் கட்சியில் 83. மாமாவுடையது இரைப்பை, அது குடல். அப்படியே பொருத்திப் பார்க்க முடியாது. ஆனாலும் நோட்டு விலை நாற்பது ரூபாய்தானே.

ஆபீஸ் போகிற இளைஞர்களே, இது உங்களுக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். என்றைக்காவது ஒரு நாள் கேஷுவல் லீவ் எழுதிக்கொடுத்துவிட்டு, யாரோ ஒருவரின் ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்களும் அந்த வராந்தாவில் நிற்க வேண்டி வரும். அல்லது குறைந்தபட்சம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆறு ஆப்பிளுமாக ஒரு கட்டிலைச் சுற்றி உட்கார வேண்டி வரும். அப்போது, "நல்லா ரெஸ்ட் எடுங்க" என்று சொல்லிவிட்டு வராதீர்கள். அவரிடம், "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரா?" என்று கேளுங்கள். ஆம் என்றால் செருப்பை எடுத்து அவர் காலடியில் வையுங்கள். "வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்." அவர் வேகத்துக்கு நடங்கள். அவர் நின்றால் நில்லுங்கள். பத்து நிமிஷம் போதும்.

திரும்பி வந்ததும் அந்த ஆப்பிளில் ஒன்றை நறுக்கி நீங்களும் சாப்பிடலாம். மாமா வீட்டு மாடிப்படி ஏறி இறங்கினால் உங்களுக்குத்தான் அதிகம் மூச்சு வாங்கும்.